காட்டு வாத்துக் கூட்டத்தில் கலப்பினத்தையும் தப்பி வந்த வளர்ப்பு வாத்தையும் கண்டுபிடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கூட்டத்தில் ஒரு வாத்து மட்டும் வித்தியாசமாகத் தெரிந்ததும் புதிதாகப் பறவை பார்க்க வருபவர்கள் கையேட்டைப் புரட்டி அதே மாதிரி படம் இருக்கிறதா என்று தேடுவார்கள். தேடினால் ஏதாவது ஓர் அரிய இனம் முக்கால்வாசி பொருந்திவிடும். மீதிக் கால்வாசியை நம் ஆசை நிரப்பிவிடும். இப்படித்தான் பண்ணையிலிருந்து வெளியேறிய வாத்து அரிய விருந்தாளியாகக் குறிப்பேட்டில் ஏறுகிறது.

இந்தத் தவறுக்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை, பார்க்கும் வரிசைதான். எல்லோரும் இறகின் நிறத்தில் தொடங்குகிறார்கள். கலப்பினங்களிலும் வளர்ப்பு வாத்துகளிலும் அதிகம் மாறுவது அந்த நிறம்தான், அதனால் அதை முதலில் நம்பக் கூடாது. முதலில் உடல்வாகு, அடுத்து அலகும் காலும், அதற்கப்புறம்தான் இறகு. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் இருக்கின்றன.

ஒரு சொல் விளக்கம். டக், கூஸ் இரண்டையும் தமிழில் வாத்து என்றே சொல்கிறோம். இந்தக் கட்டுரை முழுக்க வாத்து என்றால் கூஸ்தான்.

## 1. கிளம்புவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

வளர்ப்பு வாத்துகளின் வேர் இரண்டுதான். ஒன்று கிரேலாக் வாத்து. வெள்ளை எம்ப்டன், சாம்பல் நிற டுலூஸ், சுருள் இறகுள்ள செபாஸ்டபோல் எல்லாம் இதிலிருந்து வந்தவை. இன்னொன்று ஸ்வான் கூஸ். சீன வாத்து, ஆப்பிரிக்க வாத்து என்று பெயர் பெற்ற வகைகள் இதன் வழி வந்தவை (ஆப்பிரிக்க வாத்துக்குப் பெயரில் மட்டும்தான் ஆப்பிரிக்கா). கூட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் விசித்திரமான வாத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த இரண்டில் ஒன்றின் ரத்தம் இருக்கும். அதனால் இவற்றின் முகத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பேரினமும் இரண்டுதான். கிரேலாக், ஸ்வான் கூஸ், வெண்நெற்றி வாத்து, வரித்தலை வாத்து, பனி வாத்து ஆகியவை ஆன்சர் (Anser) என்ற பேரினம். கனடா வாத்து, பார்னக்கிள் வாத்து, கேக்ளிங் வாத்து ஆகியவை பிராண்டா (Branta). ஆன்சர்களுக்கு அலகும் காலும் பொதுவாக ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு (ஸ்வான் கூஸின் கறுப்பு அலகு விதிவிலக்கு). பிராண்டாக்களுக்கு இரண்டும் கறுப்பு. பாதி வேலை இந்த ஒரு வித்தியாசத்திலேயே முடிந்துவிடும்.

கருவிகள். 8×42 பைனாகுலர் கூட்டத்தைத் துழாவப் போதும். ஆனால் அலகு நுனியின் நிறமும் கண்வளையமும் தெரிய 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் வேண்டும். ஸ்கோப் இல்லாவிட்டால் நீண்ட லென்ஸ் பொருத்திய கேமராவில் படமெடுத்து, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள்.

வெளிச்சம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் ஆரஞ்சுக் காலும் இளஞ்சிவப்புக் காலும் ஒன்றுபோல் கருத்துத் தெரியும். அந்த ஒரு நிறத்தை இழந்தால் இந்த வழிகாட்டியில் பாதி உதவாது.

## 2. வித்தியாசமான பறவையை விடுங்கள், சாதாரணப் பறவையைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். கூட்டத்தின் பெரும்பான்மை எந்த இனம் என்று முடிவு செய்து, அதில் நல்ல வெளிச்சத்தில் நிற்கும் ஒரு முதிர்ந்த பறவையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயரம், கழுத்துப் பருமன், அலகின் நீளம் மூன்றையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இனி மற்ற எல்லாவற்றையும் அளக்க அதுதான் அளவுகோல். பக்கத்தில் ஒப்பிட ஒன்று இல்லாமல் "பெரிது", "தடிமன்" என்று எழுதினால் அந்தச் சொற்களுக்குப் பொருளே இல்லை.

அதே இனத்தின் இளம்பறவையையும் தேடிப் பாருங்கள். முதல் குளிர்காலத்து வெண்நெற்றி வாத்துக்கு நெற்றியில் வெள்ளையும் இருக்காது, வயிற்றில் கறுப்புப் பட்டைகளும் இருக்காது. அலகு நுனி வேறு கருத்திருக்கும். இளம் வரித்தலை வாத்துக்குத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இன்னும் வந்திருக்காது. வெளுத்த முகம், உச்சியிலிருந்து பிடரி வரை மங்கிய பழுப்பு, அவ்வளவுதான். இந்த இரண்டையும் கலப்பினம் என்று எழுதிய குறிப்புகளை நான் நிறையவே திருத்தியிருக்கிறேன்.

## 3. உடல்வாகு: அடிவயிறு, நிற்கும் விதம், கழுத்து

மனிதன் பல தலைமுறைகளாக இறைச்சிக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால், வளர்ப்பு வாத்தின் எடை பின்பக்கம் குவிந்திருக்கிறது. காட்டு கிரேலாக் சுமார் 2.5 முதல் 4 கிலோ. பெரிய வளர்ப்பு வகைகள் 9 கிலோவையும் தொடும். இந்த எடை எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்:

- அடிவயிறு கால்களுக்குப் பின்னால் பை போலத் தொங்கும். சிலவற்றில் நடுவில் பிளவுபட்டு இரண்டு மடிப்பாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.
- காட்டு வாத்தின் முதுகு கிட்டத்தட்டத் தரைக்கு இணையாக இருக்கும். வளர்ப்பு வாத்து நெஞ்சை நிமிர்த்திச் சாய்ந்து நிற்கும். சீன வாத்தில் இது இன்னும் தூக்கலாகத் தெரியும்.
- கழுத்து தடித்திருக்கும். சில வகைகளில் தாடைக்குக் கீழே தோல் தொங்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. வசந்த காலத்தில் வடக்கே கிளம்புவதற்கு முன் காட்டு வாத்துகளும் கொழுப்பு சேர்க்கும், அவற்றின் வயிறும் இறங்கும். ஆராய்ச்சியாளர்கள் பறவையைப் பிடிக்காமலேயே அந்த வயிற்றின் வளைவை வைத்து உடல்நிலையை மதிப்பிடுவதுண்டு. ஆகவே ஒரு பறவையின் வயிறு மட்டும் தொங்குகிறதா, கூட்டம் முழுக்கத் தொங்குகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அது பருவத்தின் வேலை.

## 4. அலகும் காலும்: அவசரப்படக் கூடாத இடம்

ஒரு பறவைக்கு மொத்தம் பத்து நிமிடம் கொடுக்கிறீர்கள் என்றால் அதில் ஆறு நிமிடம் இங்கே போகட்டும். இறகு தேயும், அழுக்காகும், உதிர்ந்து முளைக்கும். அலகு, கால் இவற்றின் நிறம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. கலப்பினத்தில் இரண்டு பெற்றோரின் நிறமும் இங்கேதான் பக்கத்துப் பக்கத்தில் தெரியும்.

அடிநிறம். கறுப்பு அலகில் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தால் ஆன்சரும் பிராண்டாவும் கலந்திருக்கிறதா என்று சந்தேகிக்கலாம். கால் முழுக் கறுப்பாகவும் இல்லாமல் முழு ஆரஞ்சாகவும் இல்லாமல் புகைபடிந்த ஆரஞ்சாக இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

நுனி நகம். அலகின் நுனியில் நகம் போன்ற தடித்த பகுதி இருக்கும். முதிர்ந்த கிரேலாக்குக்கு அது வெளுப்பு. வரித்தலை வாத்துக்குக் கறுப்பு. கிரேலாக் போன்ற உடலில் கறுப்பு நகம் இருந்தால், அது இளம்பறவை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, கலப்பைப் பற்றி யோசிக்கலாம்.

அடிப்பகுதிப் புடைப்பு. நெற்றியும் அலகும் சேரும் இடத்தில் குமிழ் போன்ற புடைப்பு இருந்தால் அது ஸ்வான் கூஸ் வழி வந்த வளர்ப்பு ரத்தம். காட்டு ஸ்வான் கூஸுக்குக் குமிழே கிடையாது. அதன் நெற்றி நீண்ட கறுப்பு அலகோடு ஒரே கோடாக வழுக்கி இறங்கும். கலப்பில் குமிழ் சிறிய மேடாக மட்டும் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் பிடிபடும், அதனால் பறவை திரும்பும் வரை காத்திருங்கள்.

காலின் நிறம். காட்டு கிரேலாக்கின் கால் இளஞ்சிவப்பு. கிரேலாக் வழி வளர்ப்பு வாத்துகளில் பெரும்பாலும் ஆரஞ்சாக இருக்கும். அலகை வைத்து மட்டும் இதே முடிவுக்கு வராதீர்கள், ஏனென்றால் கிரேலாக்கின் மேற்கு வகைக்கு அலகே ஆரஞ்சு, கிழக்கு வகைக்கு இளஞ்சிவப்பு. சேற்றில் நின்ற காலையும் நம்ப வேண்டாம். பறவை தண்ணீரில் இறங்கி ஏறட்டும், அப்போது பாருங்கள்.

கண். வெள்ளை வாத்து ஒன்றின் கண் நீலமாக இருந்தால் அது பெரும்பாலும் வளர்ப்பு. பனி வாத்தின் கண் கறுப்பாகத் தெரியும்.

ஒரு காலைப்பொழுது மறக்கவில்லை. என்னோடு வந்த ஒரு தம்பி ஸ்கோப்பை விட்டு நகரவே மாட்டேன் என்றான். "அண்ணா, பீன் கூஸ்!" என்றான். பனிமூட்டத்தில் பழுப்புத் தலை, கறுப்பும் ஆரஞ்சும் கலந்த அலகு, ஆரஞ்சுக் கால். பீன் கூஸ் என்ற காட்டு ஆன்சருக்கும் அதே நிறங்கள்தான், மறுக்க முடியாது. "சரி, அது தலையைத் திருப்பட்டும், அதுவரை எதுவும் எழுதாதே" என்றேன். இருபது நிமிடம் மேய்ந்துகொண்டே இருந்தது. பிறகு நாங்கள் நின்ற பக்கம் முதுகைக் காட்டிக் கழுத்தை நீட்டியது. பிடரியில் உச்சி முதல் முதுகு வரை அடர்பழுப்புக் கோடு. அலகைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். பக்கவாட்டில் திரும்பியபோது நெற்றியில் சின்ன மேடு. பீன் கூஸுக்கு அந்தக் கோடும் இல்லை, அந்த மேடும் இல்லை. சீன வாத்தும் பண்ணை கிரேலாக்கும் கலந்த பறவை அது. அவன் ஏமாந்தது அலகைப் பார்த்ததால் இல்லை, அலகின் நிறத்தை மட்டும் பார்த்து அதன் வடிவத்தை விட்டதால்.

## 5. கழுத்தும் முகமும்

ஆன்சர் வாத்துகளின் கழுத்து இறகுகள் உழுத நிலம் போல வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கும். பிராண்டாக்களின் கழுத்து வழுவழுப்பாக இருக்கும். கனடா வாத்து போன்ற பறவையின் கழுத்தில் மங்கலாகவாவது வரிப்பள்ளம் தெரிந்தால், அதற்குள் ஓர் ஆன்சர் இருக்கிறது. நிறம் எதுவாக இருந்தாலும் இந்த அடையாளம் உதவும், அதனால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு.

முகத்தில் வெள்ளையைக் கண்டதும் வெண்நெற்றி வாத்து என்று எழுதிவிட வேண்டாம். சாதாரண கிரேலாக்குக்கும் அலகடியில் சில வெள்ளை இறகுகள் இருப்பதுண்டு, வயிற்றில் கறுப்புப் புள்ளிகளும் இருப்பதுண்டு. வளர்ப்பு ரத்தம் கலந்தவற்றில் அந்த வெள்ளை இன்னும் அகலமாக, ஓரம் பிசிறிக் காணப்படும். உண்மையான வெண்நெற்றி வாத்து கிரேலாக்கைவிடச் சிறியது, அலகு மெலிந்தது. பறக்கும்போது கிரேலாக்கின் இறக்கை முன்பகுதியில் பளிச்சிடும் வெளிர்சாம்பல் அதற்கு இல்லை.

## 6. பறக்கும்போது இரண்டு விஷயம் மட்டும்

பறக்கும் கூட்டத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மிஞ்சாது. கேமராவைத் தொடர்ந்து அழுத்துங்கள், வீட்டில் உட்கார்ந்து இரண்டை மட்டும் பாருங்கள்.

முதலாவது, இறக்கை நுனி. பனி வாத்துக்கும் அதைப் போன்ற ராஸ் வாத்துக்கும் முதன்மை இறகுகள் (இறக்கை நுனியிலுள்ள நீண்ட இறகுகள்) கறுப்பு. வெள்ளை உடலும் வெள்ளை இறக்கை நுனியும் இருந்தால் வளர்ப்பு வாத்து என்றே தொடங்கலாம். இரண்டாவது, வாலுக்கு மேல் உள்ள பகுதி. கனடா வாத்துக்கு அங்கே வெள்ளை வளைவு ஒன்று கறுப்பு வாலுக்கு எதிராகத் துல்லியமாகத் தெரியும். கலப்பில் அது மங்கும்.

படமெடுக்க வேண்டும் என்று கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். குளிர்காலத்தில் ஒவ்வொரு முறை எழும்பிப் பறப்பதும் அவை மேய்ந்து சேர்த்ததைக் கரைக்கிறது. அவை தானாகப் பறக்கும் நேரம் வரும், மாலையில் தங்குமிடத்துக்குப் போகும்போது நல்ல வாய்ப்பு கிடைக்கும்.

## 7. அருகில் யார் நிற்கிறார்கள்?

வாத்துகள் குடும்பமாக வாழ்பவை. குஞ்சுகள் முதல் குளிர்காலம் முழுக்கப் பெற்றோரோடே இருக்கும். அதனால் சந்தேகப் பறவையோடு மேய்வது யார், அது தலை நிமிர்ந்தால் கூடவே நிமிர்வது யார், அதை யாராவது விரட்டுகிறார்களா என்று ஒரு கால்மணி நேரம் கவனியுங்கள். ஒரே மாதிரி குழப்பமான மூன்று, நான்கு பறவைகள் ஒன்றாகத் திரிந்து, அவற்றோடு ஒரு கனடா வாத்தும் ஒரு வெள்ளை வாத்தும் சேர்ந்திருந்தால், இறகைப் பார்த்துச் சொல்வதைவிட வலுவான சான்று அது. ஆனாலும் முழுச் சான்று இல்லை. வாத்துகள் சில நேரம் பிறர் குஞ்சுகளையும் சேர்த்து வளர்க்கும்.

குரலும் உதவும். கனடா வாத்தின் கனத்த இரட்டைக் குரல், வெண்நெற்றி வாத்தின் உயர்ந்த சிரிப்பொலி, சீன வாத்தின் கிறீச்சிடும் கூச்சல் மூன்றையும் முன்பே பதிவுகளில் கேட்டுப் பழகுங்கள். கிரேலாக்கையும் அதன் பண்ணை உறவுகளையும் மட்டும் குரலால் பிரிக்க முயல வேண்டாம். இரண்டுக்கும் ஒரே குரல்.

## 8. கூண்டிலிருந்து வந்ததற்கான தடயங்கள்

இதுவரை பார்த்தது பறவை எது என்பதற்கு. இந்தப் படி அது எங்கிருந்து வந்தது என்பதற்கு. இரண்டும் வேறு வேறு கேள்விகள். தூய இனமாக இருந்தும் தப்பி வந்ததாக இருக்கலாம். வரித்தலை வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய ஆசியாவில் முட்டையிட்டு இந்தியா வரை குளிர்காலத்துக்கு வரும் பறவை அது. அதே பறவை ஐரோப்பாவில் தென்பட்டால் வளர்ப்பிடத்திலிருந்து தப்பியதாகவோ அப்படித் தப்பியவற்றின் வாரிசாகவோதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

- வளையம். இணைப்புத் தெரியாத மூடிய வளையம் குஞ்சுப் பருவத்தில் வளர்ப்பவர் மாட்டியது. ஆராய்ச்சியாளர்கள் மாட்டும் உலோக வளையத்தில் இரு முனைகள் சேரும் கோடு இருக்கும். எண்ணோ எழுத்தோ உள்ள வண்ண வளையமும் கழுத்துப்பட்டையும் பொதுவாக ஆராய்ச்சிக்கானவை.
- பின்விரல். பின்விரல் இல்லாமலோ விரல் சவ்வில் துளையோ இருந்தால் வளர்ப்பவர் இட்ட அடையாளமாக இருக்கலாம்.
- இறக்கை நுனி. ஒரு பக்க இறக்கையில் மட்டும் முதன்மை இறகுகளே இல்லை என்றால், பறக்காமலிருக்க நுனியை நீக்கியிருப்பார்கள்.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வளையம் இல்லாததால் காட்டுப் பறவை என்று முடிவு செய்வது ஒன்று. வளர்ப்புப் பறவைகள் பலவற்றுக்கு வளையமே போடுவதில்லை. பறக்க முடியாததால் வளர்ப்பு என்பது இரண்டாவது. கோடையில் எல்லா வாத்துகளும் பறக்கும் இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் தரையில்தான் இருக்கும். மனிதரைக் கண்டு பயப்படவில்லை, ஆகவே தப்பியது என்பது மூன்றாவது. பூங்காக் குளங்களுக்குப் பழகிய கனடா வாத்துகளும் பயப்படுவதில்லை.

## 9. அடிக்கடி எதிர்ப்படும் கலவைகள்

இங்கே வந்த பிறகுதான் பெயர் வைக்க வேண்டும்.

கனடா–கிரேலாக் (காட்டு அல்லது வளர்ப்பு). அதிகம் காணக் கிடைப்பவற்றுள் ஒன்று. கழுத்து கறுப்பாக இல்லாமல் அடர்பழுப்பு. கன்னத்து வெள்ளை அழுக்கடைந்து, எல்லை கலைந்து, பல நேரம் அலகடி வரை பரவியிருக்கும். அலகில் கறுப்போடு இளஞ்சிவப்போ ஆரஞ்சோ. கால் மங்கிய ஆரஞ்சு. வளர்ப்பு ரத்தம் இருந்தால் முகத்தில் வெள்ளைத் திட்டுகள் கூடும், பின்பக்கமும் கனக்கும்.

கிரேலாக்–ஸ்வான் வளர்ப்புக் கலப்பு. மேலே சொன்ன பீன் கூஸ் கதை இதுதான். பண்ணைகளில் சாதாரணம், கலப்பிலிருந்து மேலும் குஞ்சு பொரிக்கவும் செய்யும். இப்படிப்பட்ட கலப்பு அண்ணன்–தங்கை ஜோடியிலிருந்தே டார்வின் குஞ்சுகள் பெற்று 1880 இல் எழுதியிருக்கிறார். அதனால் பாதிக்குப் பாதி கலந்த பறவையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கால்வாசி, அரைக்கால்வாசி கலந்தவையும் வரும்.

பார்னக்கிள்–கனடா. சிறிய உருவம் என்பதால் கேக்ளிங் வாத்து என்று ஏமாறுவார்கள். நெற்றியைப் பாருங்கள். கேக்ளிங் வாத்தின் வெள்ளை கன்னத்தோடு நிற்கும். கலப்பில் அது அலகுக்கு மேலே நெற்றிப் பக்கம் ஏறும், முதுகில் பார்னக்கிளின் சாம்பல் வரிகளும் எட்டிப்பார்க்கும்.

வரித்தலை–கிரேலாக். தலைப் பட்டைகள் அழித்த பென்சில் கோடு போல நிழலாக மட்டும் இருக்கும்.

பனி–ராஸ். இரண்டும் காட்டு இனங்கள், வளர்ப்புக்குச் சம்பந்தமில்லை. பனி வாத்தின் அலகோரத்தில் பல் தெரியச் சிரிப்பது போன்ற கறுப்புப் பட்டை உண்டு, அலகடி வளைந்திருக்கும். ராஸ் வாத்துக்கு அந்தப் பட்டை இல்லை, அலகடி நேர்கோடு. இரண்டுக்கும் நடுவில் நின்றால் கலப்பு. முகத்தில் துருநிறம் இருந்தால் பொருட்படுத்த வேண்டாம், அது இரும்புச்சத்துள்ள சேறு.

கலப்பே இல்லாத வெள்ளைத் திட்டு. நிறமி குறைந்த கனடா வாத்து அங்கங்கே வெள்ளையாக இருக்கும். உடல்வாகும் அலகின் வடிவமும் மாறாமல், கழுத்து வரிப்பள்ளம் இல்லாமல், அலகும் காலும் பெரும்பாலும் கறுப்பாகவே இருந்தால் அது கலப்பு இல்லை. மூன்றாம், நான்காம் படிகளை முதலில் செய்யச் சொன்னதன் பலன் இங்கே கிடைக்கிறது.

## 10. எழுதி வைப்பது

இ-பேர்ட் போன்ற பறவைப் பதிவுத் தளங்களில் வளர்ப்பு வகைக்கும் கலப்பினத்துக்கும் தனித்தனிப் பதிவுப் பெயர்கள் உள்ளன. பலர் "இதையெல்லாம் எதற்குப் பதிவது" என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஸ்வீடனில் சிறிய வெண்நெற்றி வாத்து என்ற அரிய இனத்தை மீட்கக் கூண்டில் வளர்த்து, 1981 முதல் பார்னக்கிள் வாத்துகளை வளர்ப்புத் தாய்களாக வைத்து வெளியில் விட்டார்கள். பின்னர் அந்த வளர்ப்புப் பறவைகளில் பெரிய வெண்நெற்றி வாத்தின் (இதுவரை வெண்நெற்றி வாத்து என்று சொன்னது இதைத்தான்) மரபணு கலந்திருப்பது தெரிந்து விடுவதை நிறுத்தினார்கள். வெளித்தோற்றத்தில் தெரியாத கலப்பு அது. தெரிகிற கலப்பையாவது நாம் எண்ணி வைப்பது அந்த அரிய பறவைகளுக்குச் செய்யும் உதவி.

பெற்றோர் இருவரையும் உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் "இன்னது–இன்னது கலப்பு" என்று எழுதுங்கள். ஒருவர் மட்டும் தெரிந்தால் அந்த ஒன்றை எழுதி, மற்றதைத் தெரியாதது என்று விடுங்கள். இரண்டும் தெரியாவிட்டால் "கலப்பின வாத்து" போதும். ஊகத்தை எழுதினால் அடுத்தவர் அதை உண்மையென்று எடுத்துக்கொள்வார்.

படங்கள் நான்கு வேண்டும்: பக்கவாட்டில் முழு உடல், அலகு நெருக்கமாக, கால், பிடரி. இறக்கை கிடைத்தால் ஐந்தாவது. எந்த இனக் கூட்டத்தோடு இருந்தது, கூட்டத்தில் எத்தனை, யாரோடு ஜோடியாகத் திரிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாத்துகள் நீண்ட ஆயுள் கொண்டவை, பழகிய இடத்துக்கே திரும்பும். அலகின் திட்டுகள் ஒவ்வொரு கலப்பினப் பறவைக்கும் வேறு வேறு என்பதால், அலகுப் படத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தில் அதே மாதிரி ஒன்று தெரிந்தால் புதுப் பறவை என்று எழுதுவதற்கு முன் அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள்.